நீச்சல் குளத்தின் மேல் நடன மேடை: முட்டு, பலகை, தண்ணீர், கரண்ட்

கேள்வி இது: ஈசிஆரில் (சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை) சங்கீத்துக்காக, அதாவது கல்யாணப் பாட்டு நடன விழாவுக்காக, வாடகைக்கு எடுத்த வீடு. பின்கட்டில் 30க்கு 15 அடி நீச்சல் குளம், ஒரு முனையில் 4 அடி, மறுமுனையில் ஐந்தரை அடி ஆழம். நூறு பேர் ஆடுவதற்கு வேறு இடமில்லை. சவுக்குக் கட்டையை நிறுத்தி, கயிறு கட்டி, மேலே பலகை அடித்துத் தருவதாகப் பந்தல்காரர் சொல்கிறார். சரிவருமா? குளத்தைக் காலி செய்ய வேண்டுமா?

சவுக்கும் கயிறும் வேண்டாம். கப்லாக் சாரத்தில், அதாவது கால் பைப்பில் உள்ள கப்புகளில் குறுக்குக் கம்பிகளைப் பூட்டும் இரும்புச் சாரத்தில், தாராளமாகச் செய்யலாம். காலி செய்வது பற்றி அவசரப்படாதீர்கள், அதற்குக் கீழே தனியாகப் பதில் சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் பயப்படுவது மொத்த எடையைப் பார்த்து. அங்கே பிரச்சினை இல்லை. இருக்கை போடாமல் கூட்டம் கூடும் தளத்துக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி கேட்கும் பாரம் சதுர மீட்டருக்கு 5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 500 கிலோ. அரை மீட்டர் ஆழத் தண்ணீரின் எடையும் அதேதான். உங்கள் குளத்தின் தரை இப்போதே சதுர மீட்டருக்கு 1,200 முதல் 1,700 கிலோ வரை தண்ணீரைச் சுமந்துகொண்டிருக்கிறது. அதனால் மொத்தப் பாரத்தில் குளம் உடையாது. கெடுப்பவை வேறு இரண்டு. ஒன்று, அந்தப் பாரம் முழுவதும் சில கால்களின் நுனி வழியாக டைல்மேல் இறங்குவது. இன்னொன்று, நூறு பேர் ஒரே தாளத்தில் குதிப்பது.

தாளத்தை முதலில் பார்த்துவிடுவோம், சவுக்கு ஏன் ஆகாது என்பதற்கு அதுதான் காரணம். நிமிடத்துக்கு 120 தாள அடி உள்ள பாட்டு என்றால் நொடிக்கு 2 குதி. குத்துப்பாட்டில் இன்னும் கூடும். குதித்து இறங்கும் நொடியில் ஒருவர் தன் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கை மேடையில் இறக்குகிறார், அதுவும் எல்லோரும் ஒன்றாக. மேடைக்கென்று இயல்பாக ஓர் அதிர்வு வேகம் உண்டு. அது இந்தக் குதியின் வேகத்தோடு, அல்லது அதன் இரண்டு மூன்று மடங்கோடு பொருந்திவிட்டால் ஆட்டம் ஒவ்வொரு அடிக்கும் ஏறிக்கொண்டே போகும். பழைய பிரிட்டிஷ் தரம் பி.எஸ். 6399 நடனத் தளத்துக்கு இதை எண்ணாகவே சொன்னது: மேடையின் இயல்பான மேல்கீழ் அதிர்வு நொடிக்கு 8.4 முறைக்குக் கீழேயும், பக்கவாட்டு அதிர்வு 4க்குக் கீழேயும் வரக்கூடாது. மேடை விறைப்பாக நிற்க வேண்டும் என்பதுதான் இதன் சாரம். சவுக்குக் கட்டையில் ஒவ்வொரு மூட்டும் கயிறு. நின்று பேசும் கூட்டத்தை அது தாங்கும். அரை மணி நேரம் குதித்தால் முடிச்சு நெகிழ்ந்து, மேடை ஒரே பக்கமாகச் சாய ஆரம்பிக்கும். பந்தலுக்கு அது அருமையான முறை, நடன மேடைக்கு இல்லை.

பிளாஸ்டிக் டிரம் மிதவையும் இதே காரணத்தால் ஆகாது. 200 லிட்டர் டிரம் ஒன்று சுமார் 180 கிலோ தாங்கும். கீழே சொல்லும் அளவு மேடைக்கு 180 டிரம் தேவைப்படும். அத்தனையும் வைத்தாலும் கூட்டம் ஒரு மூலைக்கு நகர்ந்தால் அந்த மூலை அமிழும்.

இனி அமைப்பு. குளம் 9.1 மீட்டருக்கு 4.6 மீட்டர். கால்களை 1.2 மீட்டர் கட்டத்தில் நடுவிலிருந்து பிரித்து வையுங்கள். அகலவாக்கில் தண்ணீருக்குள் 4 வரிசை, நீளவாக்கில் 8 வரிசை, ஆக 32 கால்கள். அதற்கு அடுத்த வரிசை எல்லாப் பக்கமும் குளத்துக்கு வெளியே, விளிம்பிலிருந்து 70 முதல் 85 செ.மீ. தள்ளி விழும். மேடை 10.8 மீட்டருக்கு 6 மீட்டர், சுமார் 700 சதுர அடி வரும். நூறு பேர் தாராளமாக ஆடலாம். குளத்தில் பாதியை மட்டும் மூடும் யோசனை வேண்டாம். தண்ணீருக்கு மேல் திறந்த விளிம்பு இருந்தால் 1.1 மீட்டர் கைப்பிடி வேண்டும், ஆட்டத்தில் கூட்டம் அதன்மேல் சாயும். முழுதாக மூடிவிட்டால் விளிம்பு கெட்டித் தரைக்கு மேல் வந்துவிடும்.

ஒரு காலுக்கு எவ்வளவு வருகிறது? சதுர மீட்டருக்கு ஆட்களுக்கு 500 கிலோ, மேடையின் சொந்த எடைக்கு 50 கிலோ என்று வைத்தால் 1.44 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 800 கிலோ. காலின் அடியில் உயரத்தைத் திருகிச் சரிசெய்யும் ஜாக்கி இருக்கும், அதன் அடித்தட்டு 15க்கு 15 செ.மீ. என்றால் சதுர செ.மீ.க்கு 3.5 கிலோ. அடியில் பொள்ளலாக ஒட்டிய டைல் இருந்தால் அங்கேயே நொறுங்கும். அடியில் 30க்கு 30 செ.மீ. அளவில் 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி வைத்தால் அழுத்தம் 0.9 கிலோவுக்கு இறங்கிவிடும். அதன் அடிப்பக்கம் 10 மி.மீ. ரப்பர் ஒட்டுங்கள், டைலில் கீறலும் விழாது, காலும் வழுக்காது. பிளைவுட் மிதக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். தண்ணீரில் தனியாக வைத்துவிட்டு அதன்மேல் ஜாக்கியை இறக்கப் பார்த்தால் பலகை நழுவி மேலே வரும், கால் பாதி பலகையிலும் பாதி டைலிலுமாக உட்காரும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. கரையிலேயே அடித்தட்டோடு நாலு ஸ்க்ரூ போட்டு, சேர்த்து இறக்க வேண்டும்.

தரைச் சரிவும் கணக்கில் வர வேண்டும். 30 அடியில் ஒன்றரை அடி இறக்கம் என்றால் இருபதுக்கு ஒன்று. 30 செ.மீ. பலகையின் ஒரு ஓரம் 15 மி.மீ. உயர வேண்டும், அதற்கு ஆப்பு வடிவில் சீவிய கட்டையைப் பலகைக்கு அடியில் சேருங்கள். இது இல்லாவிட்டால் அடித்தட்டு ஒரு விளிம்பில் மட்டும் நிற்கும், ஜாக்கியின் திருகு வளையும். சில குளங்களில் சரிவு சீராக இருக்காது, நடுவில் ஒரு மடிப்பு விழும். அதனால் 32 இடத்திலும் குச்சி விட்டு ஆழம் அளந்து காகிதத்தில் குறித்துக்கொண்ட பிறகே சாமான் சொல்லுங்கள். படிக்கட்டு மூலையில் கால் படிமேல் விழுந்தால் அந்தக் காலுக்கு மட்டும் குட்டையான பைப் வேண்டும்.

கப்லாக்கில் நிற்கும் பைப் 48.3 மி.மீ. வெளிவிட்டம், 3.2 மி.மீ. கனம். ஆழமில்லாத பக்கம் 1 மீட்டர், ஆழமான பக்கம் 1.5 மீட்டர் பைப். மிச்சத்தை அடி ஜாக்கியும், காலின் உச்சியில் மேல் பைப்பைத் தாங்கும் யு வடிவ யு-ஜாக்கியும் சமாளிக்கும். எந்த ஜாக்கியையும் 30 செ.மீ.க்கு மேல் திருகி உயர்த்த வேண்டாம். குறுக்குக் கம்பிகளை இரண்டு மட்டத்தில், இரண்டு திசையிலும் போட்டால் 1.2 மீட்டர் கம்பி (லெட்ஜர்) 104 ஆகிறது. கப்பைச் சுத்தியலால் தட்டி இறுக்குவதைத் தண்ணீருக்குள் செய்ய முடியாது, கை வேகம் எடுபடாது. கீழ் மட்டத்தைக் கரையிலேயே இரண்டு இரண்டு கால்களாகக் கோத்து, தட்டி இறுக்கி, ஏணி மாதிரி இறக்குவதுதான் வழி. வாடகைக்கு வரும் சாமானில் கால்வாசியாவது பெயின்ட் அடித்ததாக வரும். குளோரின் தண்ணீரில் அது செதில் செதிலாக உரியும், டைல் இணைப்பில் துருக்கறை ஏறும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. சாமானே வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள்.

பக்கவாட்டு அசைவை நிறுத்துவதில்தான் பெரும்பாலான மேடைகள் கோட்டை விடுகின்றன. கால்கள் பலமாக இருக்கும், பலகை பலமாக இருக்கும், எல்லாம் சேர்ந்து இடவலமாக ஆடும். ஆடுபவர்கள் அந்த அசைவுக்குத் தங்களை அறியாமலே காலை மாற்றிப் போட, அசைவு இன்னும் கூடும். செங்குத்துப் பாரத்தில் 10 சதவீதம் பக்கவாட்டிலும் தள்ளும் என்று வைத்துக் கட்டுங்கள். சுற்று வரிசை நான்கிலும், உள்ளே மூன்று கட்டத்துக்கு ஒன்றிலும் மூலைவிட்டப் பைப்பைச் சுழல் கிளாம்பால் காலோடு பிடியுங்கள். அதைவிடப் பயன் தருவது இன்னொன்று: மேல் மட்டக் கம்பிகளிலிருந்து குளத்தின் நான்கு சுவர்களுக்கும் பைப் நீட்டி, முனையில் ஜாக்கியும் மரக்கட்டையும் ரப்பரும் வைத்து முட்டுக் கொடுப்பது. பக்கத்துக்கு மூன்று இடம் போதும். சுவருக்குப் பின்னால் மண் இருக்கிறது, மேடை நகர இடமே இருக்காது. கைப்பிடி இறுக்கம் போதும், ஸ்பேனர் போட்டு முறுக்கினால் சுவர் டைல் உதிரும்.

யு-ஜாக்கிகளின் மேல் 100க்கு 50 மி.மீ., 3 மி.மீ. கனமுள்ள பாக்ஸ் பைப், அகலவாக்கில். ஒரு வரிசைக்கு ஒரு 20 அடி பைப் சரியாகப் பொருந்தும், ஆக 10 பைப். யு-வின் இரு பக்கமும் மர ஆப்பு அடித்துப் பைப்பை நடுவில் நிறுத்துங்கள். ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்த பைப் காலை வளைக்கும், சாரம் சரிவதன் வழக்கமான தொடக்கம் இதுதான். அதன்மேல் நீளவாக்கில் 50க்கு 50, 2.5 மி.மீ. பைப், 16 அங்குலத்துக்கு ஒன்று. 16 வரிசை, வரிசைக்கு இரண்டு துண்டு, ஆக 32. 16 அங்குலம் ஏன் என்றால் 8 அடி பலகையின் இரு முனையும் பைப்மேல் வந்து விழும். பைப் சந்திக்கும் இடமெல்லாம் கிளாம்ப் அல்லது போல்ட் வேண்டும். சும்மா படுத்திருந்தால் சலசலக்கும், நள்ளிரவுக்குள் நகர்ந்தும் இருக்கும்.

பலகை இரண்டு அடுக்கு: கீழே 18 மி.மீ. ஃபிலிம் ஒட்டிய சென்ட்ரிங் பிளைவுட், மேலே 12 மி.மீ. தண்ணீர் தாங்கும் பிளைவுட், வெட்டுக்கழிவு சேர்த்து ஒவ்வொன்றிலும் 24 தாள். மேலடுக்கின் இணைப்புகள் கீழடுக்கின் இணைப்புமேல் விழாதபடி அரைத் தாள் தள்ளிப் போடுங்கள். தாள்களுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி விடாவிட்டால் இரவுக்குள் ஈரத்தில் உப்பி, விளிம்பு மேலெழும்பும், கால் தடுக்கும். வெட்டிய விளிம்புகளில் எனாமல் பெயின்ட் ஒரு கை. ஓரத்தில் 20 செ.மீ.க்கும் நடுவில் 30 செ.மீ.க்கும் ஒரு ஸ்க்ரூ, தலை பலகைக்குள் அமிழ வேண்டும். நம்மவர்கள் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஆடுவார்கள். உள்ளங்கையை மேடை முழுவதும் தடவிப் பார்த்தே ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

வெளி வரிசைக்குச் சாரம் தேவையில்லை. 75 மி.மீ. கனமான அகலக் கட்டைகளை அந்த வரிசை நெடுக விரித்து, பாக்ஸ் பைப்பை அதன்மேல் வைத்தால் போதும். கட்டை, இரண்டு பைப், பலகை எல்லாம் சேர்ந்து மேடை தரையிலிருந்து 25 செ.மீ. உயரம் வரும், நடுவில் ஒரு படி வேண்டும். கட்டை வைக்குமுன் தரைக் கல்லைக் கம்பியால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் அடியில் மணல் இறங்கியிருக்கிறது, அந்த இடத்தில் கட்டையை இரட்டிப்பாக்குங்கள். தண்ணீர் விளிம்பு வழிந்தோடும் வகைக் குளம் என்றால் இரண்டு இடங்களில் கவனம். சுற்றியுள்ள வழிகால்வாயின் பிளாஸ்டிக் சட்டத்தின்மேல் எதையும் ஊன்றக்கூடாது. அதோடு வழியும் தண்ணீர் சேரும் சமநிலைத் தொட்டி தரைக்கடியில் எங்கோ இருக்கும். அதன் மூடியைத் தேடிக் கண்டுபிடித்து, தொட்டியின் கூரைமேல் பாரம் விழாதபடி வரிசையை மாற்றுங்கள். இதைக் கேட்காமல் விட்டால் யாரும் தாமாக வந்து சொல்லமாட்டார்கள்.

இப்போது தண்ணீர். காலியான குளம் மண்ணுக்குள் புதைந்த வெறும் தொட்டி. சுற்றிலும் நிலத்தடி நீர் உயரமாக இருந்தால் அது கீழிருந்து தள்ளும். ஃபைபர் குளம் அப்படியே மேலெழும்பும், கான்கிரீட் குளத்திலும் விரிசல் விழலாம். ஈசிஆர் மணல் பூமி. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, டிசம்பர் ஜனவரியில், அங்கே நீர்மட்டம் உயர்ந்தே நிற்கும், தை பிறந்ததும் கல்யாண சீசனும் வந்துவிடும். வீட்டில் உறை கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள். கிணற்று நீர் குளத்தின் அடிமட்டத்துக்கு மேலே நின்றால் காலி செய்யவே கூடாது. நன்றாகக் கீழே இருந்தால் காலி செய்து, காய்ந்த தரையில் சாரத்தைக் கட்டி மீண்டும் நிரப்பலாம், வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் உங்கள் குளம் சுமார் 60,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரி ஐந்து. என் ஆலோசனை, தண்ணீரை 20 செ.மீ. மட்டும் இறக்கிவிட்டு, நீச்சல் தெரிந்த ஆட்களை வைத்துத் தண்ணீரிலேயே கட்டுவது. இந்த ஆழத்தில் அது சிரமமான வேலை இல்லை. எட்டடி ஆழக் குளம் என்றால் கதை வேறு.

குளம் ஃபைபரோ வினைல் விரிப்போ என்றால் உள்ளே கால் ஊன்றவே வேண்டாம். அப்போது விளிம்புக்கு விளிம்பு இரும்பு உத்திரம்தான் வழி. விளிம்பிலிருந்து 45 செ.மீ. தள்ளி ஊன்றினால் தாவும் தூரம் ஐந்தரை மீட்டர். 200 மி.மீ. ஐ-செக்‌ஷன் உத்திரத்தை 1.2 மீட்டருக்கு ஒன்றாகப் போட்டால் பலத்துக்குப் போதும், ஆனால் முழுப் பாரத்தில் 17 மி.மீ. தொய்யும், ஆடும்போது துள்ளல் தெரியும். 250 மி.மீ. போட்டால் தொய்வு பாதிக்கும் கீழே, சுமார் 8 மி.மீ. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 230 கிலோ, மொத்தம் ஒன்பது. தூக்கி வைக்க ஹைட்ரா கிரேன் உள்ளே வர வழி இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு முனையிலும் 1.8 டன் வரை சுவருக்குப் பின்னால் இறங்கும், சுவரை உள்பக்கம் தள்ளும். தண்ணீர்தான் அதை எதிர்த்து நிற்கும், எனவே இந்த முறையில் குளம் நிரம்பியே இருக்க வேண்டும்.

மின்சாரத்தில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை. மேடைக்கு அடியில் ஒரு ஒயர்கூடப் போகக்கூடாது. ஜெனரேட்டரிலிருந்து வரும் ஒவ்வொரு லைனிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும், டெஸ்ட் பட்டனை உங்கள் கண்முன்னே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். இரும்புச் சட்டத்தை எதிரெதிர் மூலைகள் இரண்டில் எர்த்தோடு இணைக்க வேண்டும். டிஜே மேசை, ஸ்பீக்கர், குறிப்பாகப் பெரிய பேஸ் பெட்டிகள், எல்லாம் கெட்டித் தரையில். ஒளிரும் எல்இடி தரைப் பலகைகளைத் தண்ணீருக்கு மேல் போடுவதை நான் ஏற்கமாட்டேன். சிந்தும் பானமும் பனி ஈரமும் இணைப்பு முனைகளுக்குள் இறங்கும், அடியில் இருப்பது தண்ணீரும் இரும்பும்.

கடற்கரையில் தை, மாசி இரவுகளில் பத்து மணிக்கு மேல் பனி இறங்கும், ஃபிலிம் ஒட்டிய பலகை அப்போது எண்ணெய் தடவினாற்போல் வழுக்கும். ஃபிளெக்ஸ் பேனர் ஒட்டினால் இன்னும் மோசம், குதிகால் பட்டுக் கிழியவும் செய்யும். சொரசொரப்பான வினைல் விரிப்பை முழுப் பசையில் ஒட்டுங்கள், மேலே துணிக்கூரை போடுங்கள். பச்சை மேட் வேண்டாம், சுழன்றாடும் பாதம் அதில் சிக்கி முழங்காலைத் திருப்பும்.

மேடையின் பக்கவாட்டை பிளைவுட்டால் அடைத்து ஸ்க்ரூ போடுங்கள், துணி ஜாலர் போதாது. கல்யாண வீட்டில் குழந்தைகள் மேடைக்கு அடியில் நுழைவார்கள், உள்ளே இருட்டு, ஒன்றிரண்டு முழம் தள்ளித் தண்ணீர். பாதி கட்டிய நிலையில் இருக்கும் இரவுக்கும் காவலுக்கு ஆள் வேண்டும்.

முடித்தபின் சோதனை. 200 லிட்டர் டிரம் நாலு 1.2 மீட்டர் கட்டத்துக்குள் சரியாக அடங்கும். தண்ணீர் நிரப்பினால் 800 கிலோ. ஆழமான பக்கத்தில் இரண்டு கட்டம், படிக்கட்டு மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று என வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தால் முன்னும் பின்னும் மேடையின் உயரத்தை அளங்கள். ரப்பர் அமுங்கி இரண்டு மூன்று மி.மீ. இறங்குவது இயல்பு, அந்தக் கால்களின் யு-ஜாக்கியை மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் இறங்கினால் ஏதோ ஒரு பலகை நழுவியிருக்கிறது, ஆளை இறக்கிப் பாருங்கள். பிறகு இருபது பேரைப் பாட்டுப் போட்டுக் குதிக்கவிட்டு, விளிம்பில் ஒரு தம்ளர் தண்ணீரை வையுங்கள். தண்ணீர் நடுங்கினால் பரவாயில்லை, இடவலமாக அலம்பினால் சுவர் முட்டுகள் தளர்வு. வரைபடத்தையும் இந்தக் கணக்கையும் கட்டட அமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும், உங்கள் குளம் நான் சொன்ன அளவிலிருந்து மாறினால் எண்கள் எல்லாம் மாறும்.

கட்டுவதற்கு இரண்டு நாள், பிரிப்பதற்கு ஒரு நாள். மூடுவதற்கு முந்தின இரவு குளோரின் கூட்டிப் போட்டு, இரவு முழுக்கப் பம்பை ஓட்டுங்கள்; விழாவன்று போட்டால் வாடை மேலே வரும். மூடியபின் பம்ப் நிற்கும், நம் வெக்கையில் அசையாத தண்ணீர் நாளாக நாளாகக் கெடும், ஆகவே விழா முடிந்த மறுநாளே பிரித்துவிடுங்கள். பைப்பில் ஓட்டை போடும்போது தண்ணீரில் விழும் இரும்புச் சுருளும், பிரிக்கும்போது தவறும் ஸ்க்ரூவும் ஒரே இரவில் டைலில் பழுப்புக் கறை விடும். வெட்டு வேலையைக் குளத்திலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டை போடும் இடத்துக்கு அடியில் தார்ப்பாய் கட்டுங்கள். சாரம் வெளியே வந்தவுடன் கயிற்றில் கட்டிய காந்தத்தைத் தரை முழுவதும் இழுத்துவிட்டு, பிறகு பம்பைப் போடுங்கள்.